முதுமலையும் ஊட்டியும் ஒரே பயணத்தில்: எந்த ஊரில் தங்குவது?

நீலகிரிப் பயணம் என்றால் ஈரோடு, திருப்பூர் பக்கம் எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சுதான்: ஊட்டியில் ரூம் போட்டுவிடலாம், மற்றதெல்லாம் அங்கிருந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பூங்கா, ஏரி, தொட்டபெட்டா போதும் என்றால் இந்தத் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே பயணத்தில் முதுமலையும் வேண்டும், புலி கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை, காட்டை அதன் நல்ல நேரத்தில் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் ரூம் போடும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, மசினகுடி, கூடலூர் என்று இந்த மாவட்டத்தில் எல்லா ஊரிலும் தங்கியிருக்கிறேன். அம்மாவோடு, பிள்ளைகளோடு, பறவை பார்க்கும் நண்பர்களோடு. இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வது கூடலூர். கேட்டவர்கள் பெரும்பாலும் "அங்க என்னங்க இருக்கு?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

கைபேசியில் ஊட்டியிலிருந்து, முதுமலைக்குள் யானை முகாம் இருக்கும் தெப்பக்காட்டுக்கு வழி போட்டால் நாற்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். ஒன்றரை மணி நேரம், போய்விட்டு வந்துவிடலாம் என்று தோன்றும். அது கல்லட்டி மலைப்பாதை. தலைக்குந்தாவில் பிரிந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கம் கடுமையானது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் இங்கே பள்ளத்தில் விழுந்தது. உள்ளே இருந்தவர்களை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு வெளிமாவட்ட வண்டிகள் கல்லட்டி வழியாக இறங்கத் தடை. டி.என். 43 என்று நீலகிரிப் பதிவு எண் இருந்தால்தான் விடுவார்கள். மசினகுடியிலிருந்து மேலே ஏறி வரலாம், அதற்குத் தடை இல்லை.

அப்படியானால் ஊட்டியிலிருந்து இறங்க நமக்கு இருப்பது பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர் போகும் சாலை. கூடலூருக்கே 50 கிலோமீட்டர். அங்கிருந்து தொரப்பள்ளி, கார்குடி தாண்டித் தெப்பக்காடு சேர இன்னும் பதினாறு, பதினேழு. வளைவும் மூடுபனியும் சேர்ந்து சாதாரண நாளிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். மே மாதம் பைக்காராவில் வண்டிகள் நிற்கத் தொடங்கினால் கணக்கே கிடையாது.

இனி காட்டின் நேரத்தைப் பாருங்கள். மான், காட்டுமாடு, யானை, செந்நாய் எல்லாம் வெளியே நடமாடுவது விடிந்ததும், பிறகு வெயில் சாய்ந்ததும். வனத்துறை தெப்பக்காட்டிலிருந்து வண்டியில் உள்ளே அழைத்துப் போவதும் காலையும் மாலையும்தான். யானை முகாமில் யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பார்க்க விடுவதும் அதே இரண்டு வேளைகளில். ஊட்டியில் தங்கிய குடும்பம் என்ன செய்யும்? குளிருக்கு மெதுவாக எழுந்து, வெந்நீருக்குக் காத்திருந்து, டிபன் சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பும். வழியில் சூட்டிங் மேட்டில் ஒரு போட்டோ, பைக்காராவில் ஒரு அரை மணி. தெப்பக்காடு வரும்போது உச்சி வெயில். சாலையோரம் நாலு புள்ளிமானும் குரங்குகளும். காலை வண்டிகள் முடிந்திருக்கும், மாலை வண்டிக்கு நின்றால் ஊட்டிக்கு இருட்டில் ஏற வேண்டும். "முதுமலையில ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படி வந்தவர்கள்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். 1940-லேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2007-ல் புலிகள் காப்பகமான இடம் அது.

சாலைக்கும் நேரம் உண்டு. கர்நாடக எல்லையில் கக்கநல்லா, கூடலூர்ப் பக்கம் தொரப்பள்ளி, இரண்டு சோதனைச்சாவடிகளிலும் இரவு 9 மணிக்குத் தடுப்பை இறக்கினால் காலை 6 மணிக்குத்தான் தூக்குவார்கள். பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையில் இந்த இரவுத் தடை 2009-லிருந்து இருக்கிறது. ராத்திரி வண்டிகளில் அடிபட்டுச் செத்த விலங்குகளை நினைத்தால் இதைவிட நல்ல விதி இல்லை என்றே சொல்வேன். ஊட்டியில் நாலு மணிக்கு எழுந்து கிளம்பினாலும் இந்தத் தடுப்புக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும்.

கூடலூரில் தங்கினால் இதே தடுப்பு நமக்குச் சாதகமாகிவிடும். தொரப்பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். ஒரு டிசம்பர் காலை அங்கே நின்றது நன்றாக நினைவிருக்கிறது. முன்னால் மைசூர் போகும் லாரிகள், ஒரு கேரளப் பேருந்து, பால் வண்டி. ஓட்டுநர்கள் கீழே இறங்கித் துண்டைக் காதோடு கட்டிக்கொண்டு கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்கள் காருக்குள் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, "சார், லாரிக்குப் பின்னால ஒட்டிப் போகாதீங்க. நாங்க போயிருவோம். பத்து நிமிஷம் விட்டு, கண்ணாடிய இறக்கி மெதுவா வாங்க" என்றார். அப்படியே செய்தோம். லாரிச் சத்தம் ஓய்ந்ததும் மூங்கில் புதர்களுக்குள் முறிகிற ஓசை கேட்டது. வண்டியை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. ஊர்ந்து போகும்போதே ஒரு பெண் யானையும் அதன் காலடியில் ஒரு குட்டியும் தெரிந்தன. குட்டி, தாய் முறித்துப் போட்ட மூங்கிலைத் தும்பிக்கையில் சுற்ற முயன்று ஒவ்வொரு முறையும் நழுவவிட்டது. அம்மா பின்சீட்டிலிருந்து "கண்ணு, பேசாம வாங்க" என்று பிள்ளைகளை அடக்கினார். இதற்குச் சஃபாரிக் கட்டணம் எதுவும் கிடையாது. அது பொதுச்சாலை. சரியான நேரத்தில் அந்தச் சாலையில் இருந்தோம், அவ்வளவுதான்.

அப்புறம் தெப்பக்காடு முகாம். மாயாற்றில் குளித்துவிட்டு யானைகள் வரிசையாக வந்து நிற்கும். கேழ்வரகு, கொள்ளு, அரிசி, வெல்லம் எல்லாம் வேகவைத்துப் பெரிய பெரிய கட்டிகளாகப் பிடித்து வைத்திருப்பார்கள். பாகனும் அவருக்கு உதவியாக இருக்கும் காவடியும் அந்தக் கட்டியை யானையின் வாய்க்குள்ளேயே கையை விட்டு வைப்பார்கள். யானைக்கு யானை அளவு வேறு, சிலதுக்கு மருந்தும் உள்ளே வைத்து உருட்டப்படும். கூட்டம் குறைவாக இருக்கும் காலை வேளையில் பார்த்தால் பாகன் யானையோடு பேசுவது காதில் விழும். பேருந்துக் கூட்டத்தோடு பார்ப்பது வேறு அனுபவம். இந்த முகாமுக்காகவாவது பக்கத்தில் தங்க வேண்டும் என்பேன்.

கூடலூர் எப்படிப்பட்ட ஊர் என்றும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாவுக்காக உண்டான ஊர் இல்லை. ஊட்டிச் சாலை, மைசூர்ச் சாலை, நாடுகாணி வழியாக நிலம்பூர் இறங்கும் சாலை, சுல்தான் பத்தேரி போகும் சாலை எல்லாம் வந்து சேரும் சந்தை ஊர். கடைவீதியில் தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும். தேயிலை, மிளகு, இஞ்சி, காப்பி வியாபாரம். சுற்றுவட்டாரத்தில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் என்று பழங்குடியினரின் குடியிருப்புகள். இலங்கையிலிருந்து திரும்பி வந்து தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களும் இந்தப் பக்கம் நிறைய. காலையில் புட்டும் கடலையும், ராத்திரி புரோட்டா, நடுவில் நம் ஊர்ச் சாப்பாடு. லாட்ஜ்கள் வியாபாரிகளுக்கென்று கட்டியவை. சன்னலைத் திறந்தால் மலை தெரியாது, எதிர்க் கட்டடம் தெரியும். ஆனால் சீசன் என்று சொல்லி ஊட்டியில் ஏற்றுவது போல வாடகையை ஏற்ற மாட்டார்கள். மருந்துக்கடை, அரசு மருத்துவமனை, டயர் கடை, ஏடிஎம், எல்லாம் நடை தூரத்தில். குழந்தைக்கு நடு இரவில் காய்ச்சல் வந்தால் இந்த வரிசையின் அருமை தெரியும்.

உயரமும் ஒரு காரணம். ஊட்டி 2,240 மீட்டர், கூடலூர் சுமார் 1,000. டிசம்பரில் ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். பார்க்க அழகு, வயதானவர்களுக்கு அவதி. "ரெண்டு கம்பளி போத்தியும் முட்டி கடுக்குது கண்ணு" என்று அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்த ராத்திரியெல்லாம் ஊட்டியில்தான். கூடலூரில் ஒரு போர்வை போதும். முட்டிவலி, ஆஸ்துமா இருப்பவர்களைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் இரவைக் கீழே கழித்துவிட்டு, மேலே பகலில் போய்வருவதே நல்லது. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. வழியில் ஊசிமலைக் காட்சிமுனையும் தவளைமலையும் வேறு. ஊசிமலையில் காலை எட்டு மணிக்குள் நின்றால் கூடலூர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும். பத்து மணிக்கு மேல் மேகம் ஏறினால் கைப்பிடிக் கம்பிதான் தெரியும்.

கூடலூரில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று மழை. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேராக இந்தச் சரிவில்தான் மோதும். பக்கத்தில் உள்ள தேவாலா, பந்தலூர் எல்லாம் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்கள். நடுவட்டம் சாலையில் மரம் விழுவதும் மண் சரிவதும் அந்த மாதங்களில் வழக்கம். இரண்டாவது யானை. ஊரைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் யானை வருவது அங்கே அன்றாடச் செய்தி. மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். தோட்டத்துக்குள் அழகான ஹோம்ஸ்டே என்று படம் பார்த்து எடுப்பவர்கள், மாலை ஆறு மணிக்கு மேல் அறையிலிருந்து சாலைக்கு நடந்து வர முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். "முடியாதுங்க, வண்டியில்தான்" என்று நேர்மையாகச் சொல்கிறவர் வீட்டில் தாராளமாகத் தங்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் வராதுங்க" என்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

காட்டுக்கு இன்னும் பக்கம் மசினகுடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தெப்பக்காட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். மலையின் மழைமறைவில் இருப்பதால் கூடலூரில் கொட்டும்போது இங்கே தூறல்தான் இருக்கும். முதுமலையின் மேற்குப் பக்கம் தேக்கும் மூங்கிலுமாக ஈரக்காடு. மசினகுடியிலிருந்து கிழக்கே சீகூர்ப் பக்கம் முட்காடு, செம்மண், பின்னால் சுவர் போல நீலகிரி மலை. என் பறவை நண்பர்கள் கூடலூரைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு மசினகுடிதான். பாறு கழுகுகள் இன்னும் கூடுகட்டி வாழும் மிகச் சில இடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ஒன்று. வெண்முதுகுப் பாறு நாலைந்து வானத்தில் வட்டமிடுவதைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் வேறு எதையும் பேசாத ஆட்களை எனக்குத் தெரியும். இந்த மாதிரி காரணம் உள்ளவர்கள் மசினகுடியில் தங்குங்கள்.

ஆனால் எங்கே தங்குகிறோம் என்று தெரிந்து தங்குங்கள். சீகூர்ப் பீடபூமி யானைகளின் வழித்தடம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் யானைகள் போய்வர இருக்கும் குறுகலான வழி அது. அந்த வழியிலேயே வேலி போட்டு விடுதிகள் கட்டியதால் வழக்கு நடந்து, 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். வழித்தடத்தை அறிவித்தது செல்லும் என்று 2020 அக்டோபரில் தீர்ப்பும் வந்துவிட்டது. அதற்கு அடுத்த ஜனவரியில், மசினகுடியில் குடியிருப்புப் பக்கம் வந்த ஒரு ஆண் யானை மீது எரியும் டயரை வீசிய காணொளியை நாடே பார்த்தது. அந்த யானை உயிர் பிழைக்கவில்லை. நாம் கொடுக்கும் வாடகை எந்த வேலியைக் கட்டப் போகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் அங்கே ரூம் எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. போனில் கேட்டுவிடலாம்: உரிமம் இருக்கிறதா, ரசீதில் அந்த எண் வருமா, ஊருக்குள் இருக்கிறதா தனியே காட்டோரம் இருக்கிறதா. ராத்திரி நெருப்பு மூட்டி பாட்டுப் போடுவோம், நைட் சஃபாரி கூட்டிப்போவோம் என்று அவர்களாகவே சொன்னால் போனை வைத்துவிடுங்கள். இரவில் காட்டுச் சாலையில் விலங்கு தேடி வண்டி ஓட்டுவது சட்டவிரோதம், பிடிபட்டால் அபராதம் நம் தலையில்.

ஒரு சின்னக் குறிப்பு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் பொக்காபுரம் மாரியம்மன் கோயில் திருவிழா வரும். மலை மேலே இருந்தும் கீழே இருந்தும் ஜனம் திரளும். அந்த நாட்களில் மசினகுடியில் அமைதியை எதிர்பார்த்துப் போக வேண்டாம். திருவிழாவைப் பார்க்கவே போகிறவர்களுக்கு வேறு கணக்கு.

இவை இரண்டையும் விடச் சிறந்தது வனத்துறை ஓய்வு விடுதிகள். தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் என்று காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அறைகள் எளிமையானவை. சாப்பாடும் இருப்பதைக் கொண்டு சமைப்பதுதான். கைபேசி சிக்னல் விட்டுவிட்டு வரும். மாலைக்கு மேல் வெளியே நடக்க விட மாட்டார்கள். இதெல்லாம் குறை என்று நினைக்காதவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், பயணத் தேதியை இந்த அறை கிடைக்கும் தேதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே என் பழக்கம். கிடைக்காவிட்டால் கூடலூர்.

இவ்வளவு சொல்வதால் ஊட்டி வேண்டாம் என்று அர்த்தமில்லை. மேல்மலையைப் பார்க்க ஊட்டிதான் தளம். அவலாஞ்சி, எமரால்டு, போர்த்திமந்து என்று குந்தா பக்கம் போகும் சாலைகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அவலாஞ்சியில் வனத்துறை வண்டியில் சோலைக்காட்டுக்குள் அழைத்துப் போவார்கள். மடிப்பு மடிப்பாகப் புல்வெளி, ஒவ்வொரு மடிப்பின் இடுக்கிலும் கருத்த சோலை, அதிலிருந்து கசிந்து வரும் ஓடை. பவானிக்கும் பைக்காராவுக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அங்கே நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் இந்தப் பக்கம்தான். 78 சதுர கிலோமீட்டர் சொச்சம், வரையாடுகளுக்கான இடம். பெயரைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அது சுற்றுலாவுக்குத் திறந்துவிட்ட பூங்கா இல்லை. ஊட்டி ஆட்டோக்காரர் யாராவது "முக்கூர்த்தி காட்டுறேன்" என்றால் தூரத்துச் சிகரத்தைத்தான் காட்டுவார். வரையாடு பார்த்தே ஆக வேண்டும் என்றால் மூணார் பக்கம் இரவிகுளத்துக்குப் போக வேண்டும், அது தனிப் பயணம். அவலாஞ்சிக்கும் ஆகஸ்டில் போகாதீர்கள். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம்.

குன்னூரும் கோத்தகிரியும் தங்க மிக இனிமையான ஊர்கள். குறிப்பாகக் கோத்தகிரி: ஊட்டியின் நெரிசலும் இல்லை, அவ்வளவு குளிரும் இல்லை. கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தாக்கைக் கீழே பார்க்கலாம். லாங்வுட் சோலை நடந்து போகும் தூரம். புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் கோத்தகிரியைத்தான் சொல்வேன். முதுமலைக்கு மட்டும் அங்கிருந்து போகாதீர்கள், நாள் முழுவதும் காரிலேயே போய்விடும்.

மாதத்தைப் பொறுத்து ஊர் மாறும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவில் கனமழை, கோத்தகிரி, மசினகுடிப் பக்கம் ஓரளவு தப்பும். அக்டோபர் கடைசி, நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தலைகீழாக்கும். அப்போது குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் மலைப்பாதைகளில்தான் மண் சரியும். 2009 நவம்பரில் அந்தப் பக்கம் நிலச்சரிவில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயிலும் அந்த மாதங்களில் அடிக்கடி ரத்தாகும். பாறை விழுந்து தண்டவாளம் மூடிவிடும். மலை ரயிலுக்காக நவம்பரில் பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை முதுமலை காய்ந்து கிடக்கும். இலை உதிர்ந்திருப்பதால் தூரம் வரை தெரியும், விலங்குகள் தண்ணீருக்கு இறங்கும் என்று படம் எடுப்பவர்களுக்கு அது பிடித்த காலம். ஆனால் காட்டுத்தீ பயம் அதிகமானால் வனத்துறை சஃபாரியையும் விடுதிகளையும் மூடிவிடும். அந்த மாதங்களில் திட்டமிட்டால் கிளம்பும் முந்தின நாள் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது டிசம்பர், ஜனவரி. காடு பச்சையாக இருக்கும், மழை விட்டிருக்கும், காலைக் குளிரில் தூரத்துச் சத்தமும் துல்லியமாகக் கேட்கும்.

இ-பாஸ் பற்றி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது: வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் பொருந்தாது. கூடலூர், மசினகுடி போகிறவர்களுக்கும் பாஸ் வேண்டும், அவையும் நீலகிரி மாவட்டம்தான். கர்நாடகப் பக்கமிருந்து கக்கநல்லாவில் நுழைந்தாலும் கேட்பார்கள். விதிகள் சீசனுக்குச் சீசன் மாறும், ரூம் போடும் அன்றே பாஸையும் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் கொண்டு போனால் சோதனைச்சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில்கள் எடுத்துப் போங்கள், வழியில் குடிநீர் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள்.

ஈரோட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கூடலூர் என்றதும் மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி என்று மலையேறி மறுபடி இறங்க வேண்டுமே என்று சலித்துக்கொள்வார்கள். சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாக நேராகத் தெப்பக்காட்டில் வந்து இறங்கலாம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் முடிந்தால் அதற்கு மேல் நல்ல சாலை. சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை என்று மூன்று புலிகள் காப்பகங்களின் ஊடாகப் போகும் பயணம். திம்பத்திலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு, அதனால் விடிந்ததும் சத்தியைத் தாண்டிவிடும்படி கிளம்ப வேண்டும். மதியச் சாப்பாட்டைக் குண்டல்பேட்டையிலேயே முடித்துக்கொண்டால் மாலை சஃபாரிக்கு நேரம் சரியாக இருக்கும். அப்படியே தொடர்ந்து கூடலூர் போய்ப் படுத்துவிடலாம்.

கார் இல்லாதவர்களுக்குக் கூடலூர் இன்னும் வசதி. கோவையிலிருந்து நேரடிப் பேருந்து இருக்கிறது. மைசூர்ப் பேருந்துகள் தெப்பக்காட்டில் நிற்கும். மசினகுடிக்குப் பேருந்து குறைவு, ஒன்றை விட்டால் காத்திருக்க வேண்டும். காட்டுச் சாலையில் நடந்து போகவோ யாருடைய பைக்கிலாவது ஏறவோ நினைக்காதீர்கள். ஒரு கண்டக்டர் எங்களை முன் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, "இடது பக்கம் பாருங்கக்கா, ஆத்துப் பக்கம்தான் நிக்கும்" என்று என் மனைவியிடம் சொன்னார். பேருந்தின் உயரத்திலிருந்து புதருக்கு மேலாகப் பார்க்க முடிகிறது. காரைவிடப் பேருந்தில் நான் அதிக விலங்குகளைப் பார்த்திருக்கிறேன்.

முதுமலை, ஊட்டி இரண்டும் வேண்டும், நாலைந்து நாள் இருக்கிறது என்றால் ஒரே ஊரில் மொத்த நாளும் தங்காமல் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் கீழே, பிறகு மேலே. கூடலூரிலோ வனத்துறை விடுதியிலோ தங்கி இரண்டு விடியலை முதுமலைக்குக் கொடுங்கள். மூன்றாம் நாள் காலை தெப்பக்காடு, மசினகுடி வழியாகக் கல்லட்டியில் ஏறுங்கள். இறங்கத்தான் தடை, ஏறுவதற்கு முதல், இரண்டாம் கியரில் நிதானமாக வந்தால் சிக்கல் இல்லை. ஏறும்போது எதிரே இறங்கும் உள்ளூர் வண்டிக்கு வளைவில் இடம் விட்டு நில்லுங்கள். முட்காட்டில் தொடங்கி, சோலையைத் தாண்டி, தலைக்குந்தாவில் குளிர் முகத்தில் அடிக்கும்வரை மலையின் எல்லா அடுக்குகளையும் ஒரே ஏற்றத்தில் பார்த்துவிடலாம். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைக் கவனித்துக்கொண்டே வாருங்கள், ஏசியை அணைத்துவிடுங்கள். ஊட்டியில் அறையை மதியத்திலிருந்து போட்டால் போதும். அங்கிருந்து ஒரு நாள் அவலாஞ்சி, ஒரு நாள் பிள்ளைகள் கேட்கும் பூங்காவும் படகும். வீட்டுக்குத் திரும்பும்போது கோத்தகிரி வழியாக இறங்குங்கள். சீசனில் போலீஸார் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளை அந்தப் பக்கம்தான் திருப்பிவிடுவார்கள்.